பனியா, அது உறுதி மாமா!

பார்க்காத பொருளைப் பற்றிப் பேசும்போதுதான் மனிதனுக்கு நாக்கு தங்குதடையில்லாமல் ஓடுகிறது. பார்த்த பொருளென்றால் கொஞ்சமாவது தயக்கம் வரும். அப்படியும் இருந்தது, இப்படியும் இருந்தது என்று இழுக்கத் தோன்றும். பார்க்காததற்கு அந்தத் தொல்லை கிடையாது. நான் பனியைப் பற்றிப் பேசியதெல்லாம் இந்த வகையைச் சேர்ந்தது. யாங்கூனில் பிறந்து யாங்கூனிலேயே வளர்ந்த நான் பனி என்று நேரில் கண்டது, எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் மேலறையில் படிந்திருந்ததை மட்டும்தான். (அதுவும் கரண்ட் இருந்த நாட்களில்.) அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு நான் ஆல்ப்ஸ் மலைக்கே உத்தரவாதம் கொடுத்தேன். கொடுத்தது வேறு யாரிடமும் இல்லை, எனக்குப் பெண் கொடுக்க இருந்தவரிடம்.

அப்போது எனக்கு ஊருக்கு வெளியே லைங் தாயாவில் ஒரு தையல் ஆலையில் வேலை. பனிச்சறுக்கு விளையாடுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும், உள்ளே பஞ்சடைத்த தடி தடியான ஜாக்கெட்டுகளைத் தைக்கும் பிரிவில் தரம் பார்ப்பவனாக இருந்தேன். தைத்து வந்ததைப் போட்டுப் பார்த்து, ஜிப் கழுத்துவரை ஏறுகிறதா, கை தூக்கினால் தையல் விடுகிறதா என்று சோதிக்க வேண்டும். தகரக் கூரைக்கு அடியில், தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்திய வெயிலில், நான் அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கித் தூக்கி இறக்குவேன். தையல் தாங்கும், நான்தான் விட்டுப்போவேன். எங்கள் ஜாக்கெட்டை வாங்கியவர்கள் ஆல்ப்ஸ் மலையில் ஒரு பனிச்சறுக்கு ஊரில் கடை வைத்திருந்தார்கள். அந்த ஊரின் பெயரை நெஞ்சில் தைத்து, கழுத்தில் ஓர் அட்டை கட்டி அனுப்புவோம். அட்டையில் அந்த மலையின் படம் இருக்கும். அடிமுதல் முடிவரை ஒரே வெள்ளை. ஆல்ப்ஸ் பற்றி என் மொத்தப் படிப்பும் அந்த அட்டைதான்.

இந்த நிலையில்தான் பசுந்தாங் பேட்டையில், ஊ நடேசன் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம். (ஊ என்பது பர்மியத்தில் பெரியவர்களுக்கு வைக்கும் மரியாதை.) ஊ நடேசன் துறைமுகத்தில் கப்பல் வருகையைப் பதிவு செய்யும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று சொல்லப்பட்ட கப்பல்களுக்காகக் காத்திருந்தே தலை நரைத்தவர் என்பதால், கண்ணால் பார்க்காத எதையும் நம்புவதில்லை என்று வைத்திருந்தார். அவருடைய மகள் திலகா ஒரு செல்போன் கடையில் வேலை செய்தாள். (கடையில் அவளுக்கு மா தீரி என்று பெயர். ஆலையில் எனக்கு கோ மின் தூ. வீட்டுக்குள் வந்தால்தான் நாங்கள் திலகாவும் குமரேசனும்.) அவள் லப்பெய்யே என்கிற பால் தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு நொடி என்னை நேராகப் பார்த்தாள். இந்தப் பெண்தான், வேறு யாரும் வேண்டாம் என்று எனக்கு அங்கேயே தோன்றிவிட்டது. அப்படித் தோன்றியதுதான் வினை.

"தம்பி, வேலை நிரந்தரம்தானா?" என்று ஊ நடேசன் ஆரம்பித்தார்.

"நிரந்தரம் மாமா. ஐரோப்பாவுல பனி பெய்யிற வரைக்கும் எங்க ஜாக்கெட் ஓடும்."

"பனி எதுவரைக்கும் பெய்யும்?"

நியாயமான கேள்வி. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். உள் அறைக் கதவுக்குப் பின்னால் திலகாவின் சேலை ஓரம் தெரிந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"ஆல்ப்ஸ் மாமா அது! நமக்கு வைகாசி பொறந்தா மழை தப்புமா? அந்த மாதிரி அங்க கார்த்திகை பொறந்தா பனி. மலை முழுக்க நிக்கும். இடுப்பு வரைக்கும். பனியா, அது உறுதி மாமா!"

யாங்கூன்காரன் செய்யக்கூடிய தவறு இது. எங்கள் ஊரில் மழைக்காலம் என்றால் மழைக்காலம்தான், நாட்காட்டியைப் பார்த்துக் குடையை எடுத்துக்கொள்ளலாம். எல்லா ஊர் வானமும் இப்படிச் சொன்ன சொல்லைக் காப்பாற்றும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"ஹொட்தே, ஹொட்தே," என்று பர்மியத்தில் ஆமோதித்தார் ஊ நடேசன். பிறகு தமிழுக்கு வந்து, "அந்த மலையைப் பார்க்க முடியுமா?" என்றார்.

நான் சிரித்தேன். அவ்வளவு தூரத்தில் இருப்பதை எப்படி மாமா பார்ப்பது என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து திலகாவின் குரல் வந்தது.

"பார்க்கலாம்பா. அந்த மாதிரி ஊருல மலைக்கு நேரா கேமரா வச்சிருப்பாங்க. இன்டர்நெட்ல எந்த நேரமும் தெரியும்."

எனக்கு அது புதுச் செய்தி. அதிர்ச்சியை மறைத்துக்கொண்டு, "ஆமா மாமா, தாராளமா பாருங்க," என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "கார்த்திகைக் கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை அந்த மலையைச் சறுக்குறதுக்குத் தொறக்கிறாங்க. அன்னிக்கே நிச்சயதார்த்தத்தை வச்சுக்குவோம். பனியைப் பார்த்துட்டே தட்டு மாத்தலாம்," என்று என் பங்குக்குக் குழியையும் நானே தோண்டினேன். அந்தத் தேதியை ஆலைக்கு வந்த கடிதப் போக்குவரத்தில் பார்த்திருந்தேன். ஊ நடேசனுக்கு யோசனை பிடித்துப்போனது. பனி தெரிந்தால் தட்டு, தெரியாவிட்டால் யோசிப்போம் என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார்.

அன்று முதல் சாயங்காலம் விளக்கு வைக்கிறார்களோ இல்லையோ, அவருடைய போன் வந்துவிடும்.

"தம்பி, பார்த்தேன். புல்லுதான் தெரியுது."

"இன்னும் நாள் இருக்கு மாமா."

மறுநாள்: "தம்பி, இன்னிக்கும் புல்லு. நேத்தைவிட நல்லா பச்சையா இருக்கு."

நானும் பார்த்தேன். ஆலையின் மாலைத் தேநீர் இடைவேளையில், ஜாக்கெட் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து, அட்டையில் இருந்த படத்தையும் போனில் இருந்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே மலை, அதே பாறை மூக்கு. ஆனால் அட்டையில் இருந்த வெள்ளையைக் காணவில்லை. எங்கள் பிரிவின் மேற்பார்வையாளர் டோ கின் அனுபவசாலியான பர்மிய அம்மா. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "போன வருஷமும் இப்படித்தான். பனி இல்லை, கடையில் ஜாக்கெட் தேங்கிவிட்டது. இந்த வருஷமும் இல்லையென்றால் நம் பிரிவையே மூடிவிடலாம் என்கிறார்கள்," என்றார் வெகு சாதாரணமாக. எனக்கு மட்டும்தான் அது தெரியாமல் இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க அதிர்ச்சிதான். ஆல்ப்ஸ் என்றால் எல்லா இடத்திலும் பனி நிற்காதாம், உயரம் வேண்டுமாம். உயரமான ஊர்களில் நம்பி இருக்கலாம், தாழ்வான ஊர்களில் ஒரு வருஷம் வரும், ஒரு வருஷம் மழையாகப் போய்விடும். எங்கள் ஊர் (ஆமாம், அதற்குள் அது எங்கள் ஊராகிவிட்டது) தாழ்வான ஊர். அது போதாதென்று சரிவு தெற்குப் பார்த்தது. பெய்ததையும் வெயில் நக்கிவிடும். பனி பெய்யாவிட்டால் தண்ணீரைப் பீய்ச்சிப் பனி செய்யும் இயந்திரம் உண்டு என்று படித்ததும் உயிர் வந்தது. அடுத்த வரியிலேயே, அதற்கும் காற்று நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. பனி செய்வதற்கே குளிர் வேண்டுமாம்! இதைவிட நம் மேமியோ மலையூரே மேல் என்று தோன்றியது.

கடைசியில் வேறு வழியில்லாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போய் அர்ச்சனைச் சீட்டை நீட்டினேன்.

"யார் பேருக்கு?" என்றார் குருக்கள்.

"ஒரு மலை பேருக்கு."

"பழனியா?"

"இல்ல சாமி. ஐரோப்பாவுல."

அவர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். "நட்சத்திரம்?"

"தெரியாது."

"அப்போ அம்பாள் பேருக்கே பண்ணிடறேன். என்ன வேண்டுதல்?"

"பனி பெய்யணும்."

"மழை கேட்டு வருவாங்க. பனி கேட்டு இதுவரைக்கும் ஆள் வரலை," என்று சொல்லிக்கொண்டே கற்பூரத்தை ஏற்றினார்.

அன்று மாலை யாங்கூனில் பருவம் தப்பி ஒரு மழை பெய்தது பாருங்கள், நான் கோயிலிலிருந்து முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தேன். அம்மன் தன் எல்லைக்கு உட்பட்டதைச் செய்துவிட்டாள். ஆல்ப்ஸில் அதே புல்.

நிச்சயதார்த்த நாள் வந்தது. திலகா வீடு நான்காவது மாடியில். எங்கள் ஊர் அடுக்கு வீடுகளில் பால்கனியிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்கும். மேல் நுனியில் சின்ன மணி, கீழ் நுனியில் ஒரு கவ்வி. பேப்பர்காரர் கீழே இழுத்தால் மேலே மணி அடிக்கும், மாடிப்படி ஏறாமல் பேப்பர் கயிற்றில் ஏறிவிடும். அந்த மணிக்கயிற்றுக்குப் பக்கத்துச் சுவரில்தான் டிவியை மாட்டியிருந்தார்கள். மேலே சாமி படம், கீழே டிவி, இரண்டுக்கும் மாலை. திலகாவின் லேப்டாப் டிவியோடு இணைக்கப்பட்டுத் தயாராக இருந்தது. அதைப் பார்த்ததும் என் கைகால் சில்லிட்டது. ஆல்ப்ஸில் இல்லாத குளிர் எனக்கு மட்டும் வந்தது.

"மூணு மணிக்கு டிவியைப் போட்டு மலையைப் பார்த்துட்டு, உடனே தட்டு," என்று ஊ நடேசன் சொந்தக்காரர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவருடைய அக்கா அன்னம் அத்தைக்கு இதில் சம்மதமில்லை. சகுனம், நேரம், திசை எதிலும் பிசகாதவர் அவர். "நல்ல நேரத்தைப் பார்ப்பாங்க, மலையைப் பார்த்து எவன்டா கல்யாணம் பேசுவான்?" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு ஊ நடேசன் ரிமோட்டை எடுத்தார். பொத்தானை அழுத்தினார். விளக்கு, விசிறி, டிவி எல்லாம் ஒன்றாக அணைந்தன.

கரண்ட் போய்விட்டது! மின்சாரத் துறையை வாழ்நாள் முழுவதும் திட்டியே வளர்ந்த நான், அந்த நிமிஷம் அவர்கள் எல்லார் குடும்பமும் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அறை புழுங்கத் தொடங்கியது. பட்டுச் சேலையில் வியர்த்துக் கொட்டிய திலகாவை, காற்று வரட்டும் என்று பால்கனிக் கதவோரம் உட்கார வைத்தார்கள். ஊ நடேசன் டிவியையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். தாமதமான கப்பலுக்குக் காத்திருந்து பழகிய மனிதர், அவருக்கு அவசரமே இல்லை. அன்னம் அத்தைதான் பொறுக்காமல் எழுந்தார்.

"நடேசா, நாலரைக்கு ராகு காலம். இவன் மலைக்காக ராகு நிக்குமா? எடு தட்டை!"

என் அப்பா தேங்காய், பழம், வெற்றிலை, சேலை அடுக்கிய தட்டை நீட்டினார். ஊ நடேசன் அரைமனதாகக் கையை வைத்தார். தட்டு இப்போது இரண்டு பேர் கையிலும் இருந்தது. இன்னும் ஒரு மூச்சு, அவ்வளவுதான். என் அப்பா விட்டுவிட்டால் நான் பிழைத்துவிடுவேன்.

"மீ லா பீ!"

கரண்ட் வந்தால் எங்கள் ஊரில் கட்டடம் முழுக்க ஒரே குரலில் கத்தும். கீழ் மாடி, எதிர் மாடி, தெருப் பிள்ளைகள் எல்லாரும் கத்தினார்கள். விசிறி சுற்றியது. டிவி பளிச்சென்று எரிந்தது. என் மானம் முழு வண்ணத்தில் சுவர் நிறையத் தெரிந்தது.

பச்சை. அப்படியொரு பச்சையை நான் மாவ்பி வயல்களில்கூடப் பார்த்ததில்லை. நல்ல வெயில். அரைக்கைச் சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு மலைமேல் நடந்துகொண்டிருந்தது. சரிவின் நடுவில் மட்டும், இயந்திரத்தில் செய்து போட்ட பனி, கிழிந்த துண்டு மாதிரி ஒரு வெள்ளைக் கோடாகக் கிடந்தது. நாலு பேர் அந்தக் கோட்டில் வரிசையாக நின்று சறுக்கினார்கள்.

என் அப்பாவுக்கு டிவி முதுகுப்புறம். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "என்னாங்க சம்மந்தி, பிடிச்சுக்குங்க," என்று தட்டைத் தள்ளினார். ஊ நடேசன் வாங்கவில்லை, திரும்பத் தள்ளினார். தேங்காய் உருண்டு என் காலடியில் வந்து நின்றது.

"தம்பி," என்றார் ஊ நடேசன் மெதுவாக. "இது எந்த மலை?"

"அந்த மலைதான் மாமா."

"இடுப்பு வரைக்கும் பனி நிக்கும்னீங்களே, அது எங்க?"

"நடுவுல வெள்ளையா ஒரு கோடு தெரியுது பாருங்க மாமா..."

"கோடா? என் பொண்ணோட வாழ்க்கை அந்தக் கோட்டு மேலயா தம்பி?"

திலகா பக்கம் திரும்பவே தைரியம் வரவில்லை. முடிந்தது என்றே நினைத்தேன். தட்டு அங்குலம் அங்குலமாக என் அப்பா பக்கம் வந்துகொண்டிருந்தது.

அப்போது டிவியின் இடது ஓரத்திலிருந்து ஒரு மாடு வந்தது. (அந்த மாதத்தில் அங்கே மாடுகளைத் தொழுவத்தில்தான் கட்டியிருப்பார்களாம். வெயிலைப் பார்த்து மயங்கி யாரோ அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள்.) நல்ல கொழுத்த பசு. கழுத்தில் ஒரு பெரிய மணி. அது நிதானமாக நடந்து வந்து, பனிச்சறுக்குச் சரிவின் நட்டநடுவில் நின்று, கேமராவை நேராகப் பார்த்தது. பனி இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

டிங் டிங் டிங் என்று மணி அடித்தது.

கண்ணைத் திறந்தேன். பால்கனியில் கயிற்று மணி ஆடிக்கொண்டிருந்தது. அன்னம் அத்தை இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கியபடி எழுந்து நின்றிருந்தார்.

"நடேசா! பசுடா! தட்டு கையில இருக்கிற நேரம் பசு வந்து நேருக்கு நேரா பார்க்குது, மணி அடிக்குது! இதுக்கு மேல என்னாடா சகுனம் வேணும் உனக்கு?"

"அக்கா, அது டிவியிலக்கா."

"டிவியில வந்தா பசு பசு இல்லாம போயிடுமா? டிவியில தேரோட்டம் பார்த்து நீ கன்னத்துல போட்டுக்கலையா?"

ஊ நடேசன் திணறினார். "கீழ யாரோ கயித்தை இழுத்திருப்பாங்கக்கா. யாருன்னு பாருங்களேன்." என் மாமா ஒருவர் பால்கனியில் குனிந்து பார்த்தார். தெருவில் கயிற்றுப் பக்கம் ஒருத்தரும் இல்லை, கவ்வி சும்மா தொங்குகிறது என்றார்.

"ஆளே இல்லாம அடிச்சிருக்கு!" அன்னம் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வாங்குடா தட்டை!"

அக்காவின் சொல்லை அவர் எப்போதும் மீறியதில்லை. தட்டு கை மாறியது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தேங்காயை எடுக்கக் குனிந்தான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. தை மாதம் எங்கள் கல்யாணத்தன்று மாலை, பசுவைப் பார்த்துவிட்டு மணவறைக்குப் போகலாம் என்று அன்னம் அத்தை அதே மலையைப் போடச் சொன்னார். மலை முழுக்க வெள்ளை! இடுப்பு வரைக்கும்! நான் அழுது வேண்டிக்கொண்ட பனி, தேவைப்படாத நாளில் கொட்டிக் கிடந்தது. "ஐயய்யோ, மாட்டைக் காணோமே!" என்று அத்தை அலறிய அலறலில் நாதஸ்வரம் நின்றுபோயிற்று. நான் ஓடிப்போய் டிவியின் பிளக்கைப் பிடுங்கி, கரண்ட் போய்விட்டது என்றேன். யாங்கூனில் இதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

பனி அவ்வளவு தாமதமாக வந்ததால் கடைக்காரர்கள் ஜாக்கெட் ஆர்டரைச் சுருக்கினார்கள், எங்கள் பிரிவு மூடப்பட்டது. டோ கின்னையும் என்னையும் மழைக்கோட்டுப் பிரிவுக்கு மாற்றினார்கள். இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன். செய்தி கேட்டு மாமனார் மிகவும் மகிழ்ந்தார். "மழைன்னா எனக்குத் தெரியும்," என்று முடித்துக்கொண்டார்.

எங்கள் குடும்பத்தில் இப்போது யார் வீட்டு நிச்சயதார்த்தம் என்றாலும் டிவியில் அந்த மலைதான். அத்தையின் சட்டம். பனி தெரிந்தால் முகம் தொங்கிவிடும், புல் தெரிந்தால் கைதட்டல். ஒரு பனிச்சறுக்கு ஊரில் பனியே பெய்யக் கூடாது என்று வேண்டுகிற குடும்பம் உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். நான் எதற்காவது உறுதி கொடுத்தால், சுற்றியிருக்கிற அத்தனை பேரும், "இடுப்பு வரைக்குமா மாப்ளே?" என்று கேட்கிறார்கள்.

சமீபத்தில் திலகாவின் தம்பிக்கு நிச்சயம் நடந்தது. மலையில் அரைகுறைப் பனி, மாடு வரவில்லை. அத்தை பழைய கதையை மறுபடி சொல்லி, ஆளில்லாமல் அடித்த மணியைக் கையால் தொட்டுக் கும்பிட்டார். விருந்து முடிந்து நானும் திலகாவும் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, "அன்னிக்கு அந்த மணி எப்படி அடிச்சுதுன்னுதான் எனக்கு இன்னும் ஆச்சரியமா இருக்கு," என்றேன்.

"நான்தான் அடிச்சேன்," என்றாள்.

என் கையில் இருந்த தட்டு நழுவிக் கீழே விழுந்தது. அவள் அதை எடுத்துத் துடைத்து, அடுக்கின்மேல் வைத்தாள்.

"கதவோரம்தானே உட்கார வச்சாங்க? முந்தானைக்குள்ள கையை விட்டுக் கயித்தை இழுத்தேன். அந்த மலையைப் பத்து நாளா நானும்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். பனி வராதுன்னு உங்களுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். ஆனா அந்த மாடு தினம் அந்த நேரத்துக்குக் கேமராகிட்ட வந்துடும். ஒரு நாள் தப்பலை."

"அப்போ எல்லாம் தெரிஞ்சேவா?"

"பனியை நம்பியிருந்தா நாம இன்னிக்கு இந்த வீட்டுல தட்டு அடுக்கிக்கிட்டிருப்போமா? நான் மாட்டை நம்பினேன்," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவள் கணக்கில் நான் பனி வகையா, மாடு வகையா என்று கேட்க இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை.